குறி பிறகு, சத்தம் முதலில்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயில் வந்தால் கதையை அப்படியே நிறுத்திவிடுவார்கள். கடைசிப் பெட்டி போன பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். இரண்டாம் உலகப்போரில் மறைந்திருந்து தூரத்து எதிரியைச் சுடும் ஸ்னைப்பர் எலீட் வீடியோ கேம்களில் பாதி, இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்குவதுதான். சத்தம் வரும்வரை மூச்சுக் காட்டக்கூடாது, வந்ததும் சுட வேண்டும்.

பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனம் 2005இல் தொடங்கிய வரிசை இது. இங்கே சொல்வது நான்காவது (2017, 1943இன் இத்தாலி), ஐந்தாவது (2022, 1944இன் பிரான்ஸ்) பாகங்களுக்குப் பொருந்தும். புதிதாக விளையாடுபவர்கள் தூரத்துத் தலையைக் குறிபார்ப்பதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். குறி இரண்டு மணித்தியாலத்தில் பழகிவிடும். மிஷன் கெடுவது பெரும்பாலும் காதால்தான்.

வரைபடத்தில் இறங்கியதும் துவக்கைத் தொடாதீர்கள். பைனாகுலரால் முழு இடத்தையும் ஒருமுறை பார்த்து எதிரிகளை அடையாளமிடுங்கள். கோபுரத்தில் நிற்கும் ஸ்னைப்பர், முதுகில் ரேடியோப் பெட்டி சுமப்பவன், அதிகாரி ஆகிய மூன்று பேரையும் முதலில் தேடுங்கள். ரேடியோக்காரன் உயிரோடு இருக்கும்போது குழப்பம் வந்தால் உதவிக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். அலாரம் பெட்டி கண்ணில் பட்டால் அதை முன்கூட்டியே பழுதாக்கிவிடுங்கள்.

அடுத்தது சத்தத்தை மறைக்கும் சத்தம். தலைக்கு மேலே போகும் விமானம், பீரங்கி, பழுதாக்கப்பட்ட ஜெனரேட்டர் எல்லாம் இதற்கு உதவும். அந்த ஓசை இருக்கும்போது திரையின் மேற்பகுதியில் ஒரு ஒலிபெருக்கிக் குறி தெரியும். அது தெரியும்போது சுட்டால் வெடிச்சத்தம் யாருக்கும் கேட்காது. ஜெனரேட்டரைப் பழுதாக்க அருகே போக வேண்டும். பிறகு அது விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருக்கும். இங்கே பலர் விடும் தவறு, ஓசை தொடங்கிய பிறகு ஸ்கோப்பைத் தூக்குவது. துடிப்பு இறங்கி, மூச்சை அடக்கி, குறி பொருந்துவதற்குள் ஓசை ஓய்ந்துவிடும். குறியை முன்பே வைத்துக்கொண்டு ஓசைக்காகக் காத்திருக்க வேண்டும். ஓடிவந்த உடனே மூச்சடக்கவும் முடியாது. இதயத்துடிப்பு இறங்கும்வரை சில விநாடிகள் படுத்திருங்கள்.

சைலன்சர் பற்றிய மயக்கம் ஒன்று பரவலாக இருக்கிறது. அதைப் பூட்டினால் சத்தமே வராது என்று நினைத்துவிடுகிறார்கள். குழாய்முனையில் வெளியேறும் வாயுவின் சத்தத்தைத்தான் அது அடக்கும். ரவை ஒலியைவிட வேகமாகப் போனால், வழியெல்லாம் சாட்டை வீசியது போன்ற ஓசை எழும். அதை எந்தச் சைலன்சராலும் தடுக்க முடியாது. கொழும்பு வெயிலில், 30 பாகை வெப்பநிலையில், ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். அந்தக் காலத்து நீளத்துவக்கின் ரவை 700 மீட்டரைத் தாண்டும். இதனால்தான் ஐந்தாம் பாகத்தில் ஒலியைவிட மெதுவான தனி ரவை தருகிறார்கள்.

ஆனால் மெதுவான ரவைக்கு விலை உண்டு. விநாடிக்கு 320 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டரில் குழாயின் நேர்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட அரை மீட்டர் கீழிறங்கும். 200 மீட்டரில் அது 1.9 மீட்டர், ஒரு ஆளின் உயரம். தூரம் இருமடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கு இது. கேம் இதை அப்படியே பின்பற்றுவதில்லை, தெரிவு செய்யும் கடினநிலையைப் பொறுத்துக் கூடிக் குறையும். ஆனாலும் மெதுவான ரவையைக் கிட்டத்தில் நிற்பவனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக் கோபுரத்துக்குச் சாதாரண ரவையும் ஜெனரேட்டர் ஓசையும் போதும்.

நடப்பவனைச் சுடும்போது வேறொரு கணக்கு. 300 மீட்டரைக் கடக்க சாதாரண ரவைக்கு 0.4 விநாடி அளவில் ஆகும். அதற்குள் அவன் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். அவன் நின்று திரும்பும் இடத்தைப் பார்த்து வைத்து, அங்கே வந்தபின் சுடுவது மேல். காவல்காரர்கள் ஒரே பாதையில்தான் சுற்றுகிறார்கள்.

மறைக்காமல் சுட்டு, கேட்டுவிட்டால்? முதல் வெடியில் சந்தேகப்படுவார்கள். அதே இடத்திலிருந்து இன்னொன்று விட்டால் உங்கள் இடத்தைக் கணித்துவிடுவார்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் உங்கள் நிழலுருவம் ஒன்று காட்டப்படும். அவர்கள் தேடுவது அதைத்தான். எனவே ஒன்று சுட்டதும் நகருங்கள், அதுவும் பின்பக்கமாக அல்ல, பக்கவாட்டில். தேடி வருபவர்களின் தோள் தெரியும் கோணம் கிடைக்கும். விட்டுவந்த இடத்தில் ஒரு கண்ணிவெடி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

உடல்களை அந்தந்த இடத்திலேயே விட்டுப் போவதும் பிழை. சத்தம் கேட்காவிட்டாலும் சடலத்தைக் கண்டவன் கூவுவான். இருவர் சேர்ந்து கதைத்துக்கொண்டிருந்தால் பிரியும்வரை பொறுங்கள், கண்பார்வைக்கு வெளியே போகிறவனை முதலில் எடுங்கள்.

ஐந்தாம் பாகத்தில் ஒவ்வொரு பெரிய மிஷனிலும் மூன்று வேலைமேசைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் துவக்கின் புதிய பாகங்கள் திறக்கும். கடினநிலையும் சண்டை, குறிவைப்பு, உதவிக் குறிப்புகள் என்று பிரிந்திருக்கிறது. குறிவைப்பை மட்டும் ஒரு படி உயர்த்தி, மற்ற இரண்டையும் நடுவில் விடுவது பழகுவதற்கு நல்ல கலவை.

ரவை உடலுக்குள் புகுந்து எலும்பு நொறுங்குவதைக் காட்டும் எக்ஸ்ரே காட்சியைப் பலர் இதன் அடையாளமாகச் சொல்வார்கள். அமைப்புகளில் அதை நிறுத்தலாம். போரை நேரில் கண்ட பெரியவர்கள் அதே ஹாலில் இருக்கும் வீட்டில் நிறுத்திவிடுவதே மரியாதை. விளையாட்டுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கமரா பறந்துபோகாததால் அடுத்தவனைக் கவனிக்க நேரமும் மிஞ்சும்.

ஐந்தாம் பாகத்தில் ஊடுருவல் வசதியை இயக்கியிருந்தால் இணையத்திலிருந்து இன்னொருவர் எதிரி ஸ்னைப்பராக உங்கள் மிஷனுக்குள் வருவார். அவர் இருக்கும் திசையறிய ஆங்காங்கே தொலைபேசிகள் இருக்கின்றன. அடிக்கடி எடுத்தால் உங்கள் இடமும் அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டு இணைப்பு அடிக்கடி அறுந்தால், மிஷன் தொடங்கும் முன்பே இதை அணைத்துவிடுங்கள்.