மைனஸ் குறி விடுபட்டால் பாரதி நிலையம் சைபீரியாவுக்குப் போய்விடும்

கிழக்கு அண்டார்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளில், 2012 மார்ச் முதல் இயங்கிவருகிறது இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம். அதன் இருப்பிடம் தெற்கே 69 டிகிரி 24.41 நிமிடம், கிழக்கே 76 டிகிரி 11.72 நிமிடம். அங்கே பதிவான காற்றின் வெப்பநிலைத் தரவை தரவுகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ஒரு பொது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தரவுக் கோப்பு வேறொரு சர்வரில் இருக்கும். அட்டவணைக்குப் போவது அதைப் பற்றிய விவரப் பதிவு, அதாவது மெட்டாடேட்டா மட்டும்தான். அண்டார்டிக் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு அறிவியல் அவதானிப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது. அதற்கு உதவ உருவான அட்டவணைதான் அண்டார்டிக் மாஸ்டர் டைரக்டரி. அதன் பதிவுகள் நாசாவின் அட்டவணை அமைப்புக்குள்தான் வைக்கப்பட்டுவந்தன. முன்பு குளோபல் சேஞ்ச் மாஸ்டர் டைரக்டரி என்றிருந்த அந்த அமைப்பு பிற்பாடு காமன் மெட்டாடேட்டா ரெப்பாசிட்டரிக்குள் வந்தது. பதிவை நிரப்பும் படிவத்தின் பெயரும் தோற்றமும் காலத்துக்குக் காலம் மாறும். பிழைகள் மட்டும் மாறுவதே இல்லை.

இடத்திலிருந்து தொடங்குவோம். படிவம் கேட்பது தசம டிகிரி. 24.41 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 0.4068. தெற்கு என்பதால் மைனஸ் சேர்த்து −69.4068, கிழக்கே 76.1953 என்று எழுத வேண்டும். அவசரத்தில் வகுக்காமல் −69.2441 என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. அப்படி எழுதினால் நிலையம் சுமார் 18 கிலோமீட்டர் வடக்கே, பிரிட்ஸ் விரிகுடாவின் நடுவே மிதக்கும். மைனஸை விட்டால் ரஷ்யாவின் வடகோடியில், சைபீரியத் தூந்திரத்தில் போய் நிற்கும். இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால்தான் விபரீதம். வடக்கே 76.2, மேற்கே 69.4 என்றாகி, கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையை ஒட்டிய கடலுக்குப் போய்விடும். வரைபடத்தில் பார்த்தால் அங்கேயும் பனிதான். சரிபார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தவே உறுத்தாது.

இந்த மூன்றையும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். அட்சரேகை −90-க்கும் 90-க்கும் இடையில், தீர்க்கரேகை −180-க்கும் 180-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. சரிபார்ப்பில் தேறுவது வேறு, சரியாக இருப்பது வேறு. சில சமயம் சரிபார்ப்பே பிழைக்கு வழிவகுப்பதும் உண்டு. வேர்டு கோப்பிலிருந்து எண்ணை நகலெடுத்தால், மைனஸுக்குப் பதிலாக அதைவிடச் சற்று நீண்ட கோடு ஒட்டிக்கொண்டு வரும். மென்பொருளுக்கு அது எண்ணே அல்ல. சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பும். என்ன பிழை என்று புரியாமல், எண்ணின் முன்னால் இருக்கும் அந்த நீண்ட கோட்டை அழித்துவிட்டு மறுபடி அனுப்புவார்கள். உடனே பச்சை விளக்கு எரியும், நிலையம் சைபீரியாவுக்குப் போய்விடும். கோட்டை அழித்த கையோடு விசைப்பலகையிலிருந்து மைனஸைத் தட்டச்சு செய்வதுதான் இதற்கு மருந்து.

ஒரே இடத்தில் நிற்கும் கருவிக்குப் புள்ளி போதும். கப்பலில் எடுத்த தரவுக்குப் பலரும் செவ்வகம் போட்டுவிடுகிறார்கள். கேப் டவுனில் கிளம்பி பாரதிக்குப் போன கப்பலின் தடத்தை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு எல்லைகளுக்குள் அடைத்தால், கப்பல் எட்டிக்கூடப் பார்க்காத கடற்பரப்பெல்லாம் உள்ளே வந்துவிடும். அந்தப் பரப்பில் தேடுகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பதிவு வீணாக வந்து நிற்கும். கோடாகக் கொடுக்க வழியிருந்தால் கோடாகவே கொடுங்கள். 180 டிகிரி கோட்டைத் தாண்டும் பரப்பில் மேற்கெல்லை 177, கிழக்கெல்லை −178 என்று வரும். மேற்கு எண் பெரிதாக இருக்கிறதே என்று இரண்டையும் மாற்றிப் போட்டால், ஐந்து டிகிரி அகலப் பட்டை 355 டிகிரியாகி உலகையே சுற்றிக்கொள்ளும்.

அண்டார்டிகக் களப்பருவம் நவம்பர், டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச்சுக்குள் முடியும். அதை 2011-12 என்று எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். நாளையும் நேரத்தையும் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2011-12 என்றால் 2011 டிசம்பர் மாதம். நான்கு மாதத் தரவு ஒரு மாதமாகச் சுருங்கிவிடும். தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் ஆண்டு-மாதம்-நாள் என்று முழுதாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். கருவியின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடியிருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். 2012 ஜனவரி 1 நள்ளிரவு 12.30-க்கு எடுத்த முதல் அளவு, யூடிசியில் 2011 டிசம்பர் 31 இரவு 7 மணி. ஆண்டே மாறிவிடுகிறது, பாருங்கள். ‘இன்றுவரை தொடர்கிறது’ என்ற கட்டத்தில் ஒருமுறை டிக் போட்டுவிட்டு மறந்துபோவது இன்னொரு வகை. கருவி என்றோ நின்றிருக்கும். இந்த ஆண்டின் தரவைத் தேடுபவருக்கு இந்தப் பதிவு இன்னமும் வந்துகொண்டிருக்கும்.

குறிச்சொற்களை நாமாக எழுத முடியாது, கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். பட்டியல் துறை, தலைப்பு, சொல், அதற்குக் கீழே மாறிகள் என்று மரக்கிளைபோல் இறங்கும். வெப்பநிலை என்ற ஒற்றைச் சொல்லுக்கே அங்கே பல வீடுகள். காற்றின் வெப்பநிலை வளிமண்டலத்தின் கீழ், கடல் மேற்பரப்பு வெப்பநிலை பெருங்கடல்களின் கீழ், தரை மேற்பரப்பு வெப்பநிலை நிலப்பரப்பின் கீழ், பனியின் வெப்பநிலை பனிக்கோளத்தின் கீழ். பாரதியில் நின்றுகொண்டு அளந்ததாலேயே பனிக்கோளத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே அளந்தோம் என்பதைச் சொல்ல இடக் குறிச்சொல் தனியாக இருக்கிறது. அறிவியல் குறிச்சொல்லில் எதை அளந்தோம் என்பதை மட்டும் பாருங்கள். மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்க முடியுமோ அவ்வளவு இறங்குங்கள்; வளிமண்டலம் என்பதோடு நின்றுவிட்டால் மழை தேடுபவருக்கும் நம் பதிவுதான் வரும். நிறையத் தேடலில் வரட்டுமே என்று பத்துப் பதினைந்து குறிச்சொற்களை அள்ளிப் போடுவதும் அதே கதைதான். கோப்பில் தனிப் பத்தியாக இருக்கும் அளவுகளுக்கு மட்டும் குறிச்சொல் கொடுத்தால் போதும்.

செயற்கைக்கோள் தரவில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பூமியைப் படமெடுக்கும் மோடிஸ் கருவி டெர்ரா, அக்வா என இரண்டு செயற்கைக்கோள்களில் ஏறியது. ஒன்று 1999 டிசம்பரிலும் மற்றது 2002 மே மாதத்திலும் ஏவப்பட்டன. தரை வெப்பநிலைத் தொகுப்புகளின் பெயர்களில் எம்ஓடி என்றால் டெர்ரா, எம்ஒய்டி என்றால் அக்வா. நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கருவியின் பெயரை மட்டும் நிரப்பி, அது ஏறிய செயற்கைக்கோளைத் தவறாகக் குறித்தால், காலையில் கடக்கும் டெர்ராவும் பிற்பகலில் கடக்கும் அக்வாவும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

சுருக்கவுரைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், பலர் ஒதுக்குவதில்லை. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். கட்டுரையின் சுருக்கம் கண்டுபிடிப்பைப் பேசும், இங்கே வேண்டியது தரவின் விவரம். என்ன அளக்கப்பட்டது, எந்த அலகில், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், எந்தெந்த மாதங்களில் இடைவெளி, விடுபட்ட இடங்களில் என்ன எண் என்பதெல்லாம் வர வேண்டும். கடைசியாகச் சொன்னது அண்டார்டிகத் தரவில் வேடிக்கையாகிவிடும். விடுபட்ட அளவுக்கு −99.9 போடுவது பல இடங்களில் வழக்கம். அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று −89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதிலிருந்து பதினோரு டிகிரிகூடத் தள்ளி நிற்காத எண்ணை உண்மையான குளிர் என்று நினைத்து யாராவது சராசரி எடுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பதிவின் அடையாளக் குறியீட்டில் இடைவெளி விடாதீர்கள். வெளியான பிறகு அதை மாற்றாதீர்கள், பழைய இணைப்புகள் அறுந்துபோகும். தரவின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணை 10 என்று தொடங்கும் வடிவில் மட்டும் கொடுங்கள், முன்னால் இணைய முகவரியை ஒட்ட வேண்டாம். பதிவை அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பைக் கையால் எழுதினால் ‘&’ குறியை அப்படியே விடக்கூடாது, அந்த ஒரு குறிக்காக முழுக் கோப்பும் திறக்க மறுக்கும். தொடர்புக்குத் தனிநபர் மின்னஞ்சலைவிடப் பிரிவின் பொது மின்னஞ்சல் நல்லது. ஆள் ஓய்வுபெற்றாலும் பெட்டி இருக்கும். ஒரே நிலையத்தின் ஒரே கருவிக்கு ஆண்டுக்கொரு பதிவு போடாமல், ஒரே பதிவின் முடிவு நாளை நீட்டிக்கொண்டே போகலாம். கருவியோ அளவிடும் முறையோ மாறினால்தான் புதுப் பதிவு.

வெளியிடும் முன் அந்தத் துறையைச் சேராத ஒருவரிடம் சுருக்கவுரையை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வானிலைத் தரவென்றால் பாறைகளை ஆராய்பவர் பொருத்தமானவர். அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லாமல், பதில்களைச் சுருக்கவுரையிலேயே எழுதுங்கள். வெளியான பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, பதிவின் பெயரைத் தட்டாமல், வரைபடத்தில் லார்ஸ்மன் குன்றுகளைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, காற்றின் வெப்பநிலை என்று மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.