பைல் தலையில் ஒரு தட்டு

இன்று காலை முழுக்க சைட்டில் பைல் இன்டெக்ரிட்டி டெஸ்ட். பைல் என்றால் கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக வார்க்கும் கான்கிரீட் தூண்; அதன் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. தலையில் இருந்த பிசிறு கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கெட்டியான இடத்தைத் தேய்த்து, மெழுகு வைத்து, அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை ஒட்டினோம். அப்புறம் கைச்சுத்தியலால் ஒரே தட்டு. கான்கிரீட்டில் அலை நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் ஓடும். 20 மீட்டர் பைலின் அடியைத் தொட்டுத் திரும்ப 10 மில்லி செகண்டு.

ஒரு பைலில் மட்டும் 3 மில்லி செகண்டிலேயே அலை திரும்பி, திரையில் கோடு எழும்பிவிட்டது, அதுவும் தட்டின அதே திசையில். ஏறக்குறைய 6 மீட்டர் ஆழத்தில் பைலின் இடுப்பு சிறுத்திருக்க வேண்டும். இடம் மாற்றி மூன்று முறை தட்டியும் அதேதான். வயிறு கலங்கிவிட்டது. வார்க்கும்போது, கான்கிரீட்டை அடிவரை இறக்கும் ட்ரெமி குழாயை அவசரமாகத் தூக்கிவிட்டார்களோ?

எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு லோடு டெஸ்ட் வேண்டும். சரி, அது முடியும்வரை அந்தப் பைலின்மேல் பைல் கேப் (தலைமேல் வார்க்கும் கான்கிரீட் பீடம்) போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.