தொங்காத சங்கிலி

"தொங்கினாத்தானே அது விலங்கு? இது நகை மாதிரி கிடக்கே." களிமண் மாதிரியைப் பார்த்துப் பங்குத்தந்தை கேட்டது இவ்வளவுதான். "கல் தாங்காது ஃபாதர்" என்று சொல்லி, விசுவாசத்துக்காக விலங்கிடப்பட்டுக் கொல்லப்பட்ட புனிதர் தேவசகாயம் பிள்ளையின் சிலையில், சங்கிலியை வேட்டி மடிப்பின் மேலேயே படுக்க வைத்தோம். மண்டியிட்ட உருவம், நான்கடி உயரம், ராஜஸ்தானின் மக்ரானா சலவைக்கல், ஒரே கல்.

சொன்னது பொய்யில்லை. சலவைக்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அரை அங்குலக் கனமுள்ள வளையம் தன் எடையால் உடையாது. திருவிழா மாலையைக் கழற்றும்போது நார் சிக்கினால் உடையும், அதுவும் கல்லின் நரம்பான ரேகை ஓடும் இடத்தில். ரேகையைக் கண் மட்டும் பார்த்தால் போதாது, சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். தேவசகாயம் பிள்ளை சுடப்பட்ட காற்றாடிமலையில், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். எங்கள் கல்லில் வலது மணிக்கட்டுக்குக் கீழே சத்தம் லேசாக மங்கியது. நிஜ இரும்புச் சங்கிலியை மாட்டினால் துரு கல்லுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

ஆனால் முடியவே முடியாதா? முடியும். வளையங்களுக்கு நடுவே தாங்கலாகக் கொஞ்சம் கல்லை முட்டு விட்டு, டைமண்ட் பர் என்ற வைரமுனைக் குடைகருவியால் குடைந்து, மெருகெல்லாம் முடிந்தபின் முட்டுகளை அறுக்கலாம். நிழல் விழும் பக்கம் இரண்டு முட்டுகளை அப்படியே விட்டாலும் யாருக்கும் தெரியாது. ஒரு மாத வேலை கூடும். கல்லுக்காக மறுத்தோமா, அந்த ஒரு மாதத்துக்காகவா?

ரோமில் ஸ்தெஃபானோ மதெர்னோ என்ற சிற்பி 1600-இல் முடித்த, வெட்டிக் கொல்லப்பட்ட மறைசாட்சி புனித செசிலியாவின் சலவைக்கல் சிலையில், கழுத்தில் ஒரு மெல்லிய வெட்டு மட்டும்தான். வாள் இல்லை. கிடக்கும் கிடையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அதைச் சொல்லித்தான் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்வது. ஆனால் செசிலியாவின் வெட்டு கடைசி நேரத்துக் காயம். தேவசகாயம் பிள்ளையோ 1749-இல் சிறைப்பட்டு 1752 ஜனவரியில் சுடப்படும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் துன்பப்பட்டவர். அந்த விலங்கின் கனத்தைக் காட்ட மடிப்பின் மேல் கிடக்கும் அரை வளையங்கள் போதுமா?

முகத்தை 220-ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்தினோம், மெருகு ஏற்றவில்லை. பளபளப்பு ஏறினால் கண்ணிமை நிழல் செத்துவிடும். சங்கிலி கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் தொட்டுக் கும்பிடுகிறார்கள். மெருகேறாத கல், கையெண்ணெயைக் குடித்துவிட்டது. வளையங்கள் கறுத்து, தள்ளி நின்று பார்த்தால் வேட்டியைவிட்டு எழும்பி நிற்கின்றன. கறையை உறிஞ்சும் சுண்ணத்தூள் பத்துப் போட்டு அந்தக் கறையை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை.