அம்மாவும் மார்ஃபினும்

2024 ஜூன் 3

மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதிலிருந்து அம்மாவால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வலி எவ்வளவு என்று கேட்டால் பத்துக்கு எட்டு என்கிறார். டிரமடால் என்ற வலி மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. இன்று அபினிலிருந்து எடுக்கும் வலுவான வலி மருந்தான மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள். 10 மி.கி. மாத்திரையில் பாதி, காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் முழுசாக ஒன்று, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. நடுவில் வலி வெட்டி இழுத்தால் இன்னொரு பாதி. கூடவே மலமிளக்கி.

ஜூன் 4

பெரியப்பா போனில் கேட்டார்: "போதை மாத்திரையாமே? கடைசி நேரத்துலதானம்மா அதைக் குடுப்பாங்க?" இல்லை பெரியப்பா, வலி எப்போது கடுமையாகிறதோ அப்போது தொடங்குவது. டாக்டர் பார்வையில் புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகிவிடும், அதனால் சட்டென்று நிறுத்தக் கூடாது. அது வேறு, இது வேறு.

ஜூன் 6

தூக்கமாகவே இருக்கிறார். முதல் சில நாள் அப்படித்தான் இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கூப்பிட்டால் விழிக்கிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். தூக்கமும் குமட்டலும் போய்விடுமாம். மலச்சிக்கல் போகாது, மலமிளக்கியை விடவே கூடாது.

ஜூன் 9

"வலிக்கவே இல்லையே, எதுக்கு மாத்திரை?" என்று மதிய வேளையை அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நாலு மணிக்கு வந்த வலி இரவு வரை விடவில்லை. வலி வருமுன்பே கொடுப்பதுதான் இந்த வைத்தியம்.

ஜூன் 13

அளவை முழு மாத்திரையாகக் கூட்டினார்கள். காலில் இறங்கும் எரிச்சல் நரம்பு வலியாம், அதற்குத் தனியாகக் காபாபென்டின். நேற்று நன்றாகத் தூங்கினார். காலையில் கத்திரிக்காய்க் குழம்பு கேட்டார்!

ஆனால் கோபம் தீரவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அபினைப் பதப்படுத்தும் அரசு ஆலைகளே இருக்கின்றன. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. 2014-இல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் எங்கள் ஊர் மருந்துக்கடை எதிலும் கிடைக்கவில்லை, பஸ் ஏறித்தான் வாங்கி வருகிறேன். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-லேயே வலி தணிக்கவென்று கிளினிக் தொடங்கிவிட்டார்கள். பஸ் ஏற ஆளில்லாத வீடுகளில் என்ன செய்வார்கள்?

ஜூன் 20

வலி இப்போது இரண்டு, மூன்று. முதுகெலும்புக்கு ரேடியேஷன் தரப்போகிறார்கள். அதில் வலி அடங்கினால் மார்ஃபினைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார் டாக்டர். பெரியப்பா நாளை வருகிறார், மாத்திரை நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.