இற்றுப்போன பின்பலகையும் இரண்டு முறை வாங்கிய ஒட்டுப்பலகையும்

என்னுடைய 16 அடி பைபர்கிளாஸ் படகு பினாங்குத் தீவின் பத்து மாவுங் என்ற ஊர்க் கரையிலிருந்து மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. இஞ்சினைத் தாங்கும் பின்பலகையான டிரான்சம் உள்ளே இற்றுப்போயிருந்ததைச் சரிசெய்ய இரண்டு மாதங்கள் பிடித்தன. அதில் பாதி நாள்கள் பிறர் சொல்லை நம்பியதால் வீணானவை.

தூக்கி நிறுத்திய இஞ்சினின் அடிப்பகுதியைக் காலால் அழுத்தியபோது பின்பலகையின் மேல்விளிம்பு நகக்கனம் அசைந்தது. போல்ட்டு ஓட்டையிலிருந்து பழுப்புநீர் கசிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் விரிசல் கண்டபோது ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் உள்ளே இருந்த மரத்தைச் சோதிக்காமலே மேலே ஓர் அடுக்கு பைபர் ஒட்டிச் சாயம் பூசி, இனி பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மரத்தை மூடியிருக்கும் உட்புற பைபர் தோலை அறுத்துத் திறந்தால், மரம் பிழிந்து போட்ட தேயிலைச் சக்கையைப் போல ஈரமாகவும் கறுப்பாகவும் கரண்டியால் அள்ளும் நிலையில் இருந்தது. மீன் காட்டும் கருவியைப் பொருத்த அடித்த நான்கு திருகாணிகளின் ஓட்டைகளுக்கு யாரும் பசை வைக்கவில்லை. அவற்றின் வழியாக இறங்கிய நீருக்கு வெளியேற வழியில்லாமல் அந்தப் பட்டறை மூடி வைத்துவிட்டது. சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஓசைக்குப் பதிலாகப் பொத்தென்று கேட்டால், சிறிய துளை போட்டு வரும் மரத்தூளைத் தொட்டுப் பாருங்கள். தூள் ஈரமாக இருந்தால் மேல்பூச்சு வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

உட்தோலைச் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பு விட்டே அறுத்தேன். வெளித்தோல் அப்படியே நின்றதால் படகின் வடிவம் மாறவில்லை. மழைக்காலமாதலால் தார்ப்பாயின் கீழே மின்விசிறி வைத்துக் காயவிட ஒன்பது நாள்கள் ஆயின.

பெரும் மனக்கசப்பு ஒட்டுப்பலகையில்தான். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறையில் ஒரு மரக்கடையில், படகு வேலைக்கான நீர் தாங்கும் பசையுள்ள மரைன் ஒட்டுப்பலகை கேட்டேன். கடைக்காரர், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று முத்திரை ஏதுமில்லாத பலகையை எடுத்துக் கொடுத்தார். படகு வேலையில் தலைநரைத்த பக்கத்து வீட்டு அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடு, அதுவே சொல்லும்" என்றார். ஒரு மணி நேரத்துக்குள் துண்டின் அடுக்குகள் புத்தகத் தாள்களைப் போலப் பிரிந்தன. வெட்டிய பலகையைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். பாலம் தாண்டிப் போய்வந்த இரண்டு பயணங்களும் 180 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) போயின. பிறகு மரைன் ஒட்டுப்பலகைக்கான பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 1088 முத்திரையுள்ள பலகையை வேறிடத்தில் வாங்கினேன். அதிலும் பசைதான் நீரைத் தாங்குமே தவிர மரம் இற்றுத்தான் போகும். ஆகவே விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும், இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசினான எப்பாக்சியைப் பூசியே ஆக வேண்டும்.

நம் ஊர் வெயிலில் எப்பாக்சியும் ஏமாற்றும். அரை லிட்டரை ஒரே டப்பாவில் கலக்கிய முதல் நாள், தூரிகையைத் தொடுவதற்குள் அது புகைந்து கட்டியாகிவிட்டது. மெதுவாக இறுகும் வகையை வாங்கிச் சிறிது சிறிதாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றி வைத்த பிறகுதான் வேலை நடந்தது. மரத்துக்கு முதல் பூச்சை மாலை நான்கு மணிக்குப் பிறகு கொடுங்கள். குளிரும் மரம் பூச்சை உள்ளிழுக்கும், காலையில் பூசினால் சூடேறும் மரத்திலிருந்து காற்று வெளிவந்து குமிழி விடும். மறுநாள் மேலே படியும் பிசுபிசுப்பை வெறும் தண்ணீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த அடுக்கை வைத்தால் ஒட்டாது.

இரண்டு 18 மில்லிமீட்டர் பலகைகளை ஒட்டி, வடை மாவுப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்சியில் பதித்தேன். பலகையைப் பிடித்து வைக்கும் கிளாம்ப்புகளை அளவுக்கு மீறி முறுக்கி இறுக்க வேண்டாம். பசை முழுதும் பிதுங்கி வெளியேறிவிடும். அதன்மேல் பைபர் துணி அடுக்குகளும் சாயமும் தொல்லையின்றி முடிந்தன.

இஞ்சின் போல்ட்டுகளுக்கு முதலில் பெரிய ஓட்டை போட்டு, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் சரியான அளவில் துளைத்தேன். இனி நீர் உள்ளே வந்தாலும் மரத்தைத் தொடாது. மீன் காட்டும் கருவியை இம்முறை பின்பலகையில் திருகாமல், அதன்மேல் ஒட்டிய சிறு பிளாஸ்டிக் துண்டில் பொருத்தினேன். நேற்று ஜெரெஜாக் தீவைச் சுற்றிவந்த பின் இஞ்சினின் அடியைக் காலால் முழு பலத்துடன் அழுத்திப் பார்த்தேன். மேல்விளிம்பு அசையவில்லை.