குமிழிக்காகக் குனிந்திருந்த நாட்கள்

நாட்காட்டியில் தேதியைப் பார்த்தால் நடுவே ஒரு துண்டு காணாமல் போகிறது, வாசல் நிலைக்கால் வளைந்து தெரிகிறது என்று அம்மா சொன்னபோது, புரை முற்றிவிட்டது போலும் என்றே நினைத்தேன். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான், வலக்கண் விழித்திரையின் மையமான மாக்குலாவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது.

விழிக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ் ஏறக்குறைய 4 மில்லிலிட்டர். அதில் 99 விழுக்காடு தண்ணீர்தான். வயது ஏறும்போது அது சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. மாக்குலாவில் மட்டும் பிடியை விடாமல் இழுத்தால் அங்கே ஓட்டை விழுந்துவிடுகிறது. அந்தக் கூழை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமி முறை மயாமியில் ராபர்ட் மாக்கமர் 1970களின் தொடக்கத்தில் வகுத்தது என்றாலும், அதைக் கொண்டு இந்த ஓட்டையையும் மூடலாம் என்று கெல்லி, வெண்டெல் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் 1991இல்தான் எழுதினார்கள்.

அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. கூழ் இருந்த இடத்தில் வாயுவை நிரப்பினார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து ஓட்டையை அடைத்து நிற்க வேண்டுமானால், கண்ணின் பின்புறம் மேலே வரும்படி முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நாட்கள், சாப்பாடு, உறக்கம் உட்பட. உண்மையான சிகிச்சையைச் செய்தது அம்மாவின் கழுத்துதான் என்பேன். இரண்டாம் நாளே, "சும்மா கவுந்து கெடக்கறதுக்குக் கீரையாவது ஆயறேன், கொண்டா" என்று முருங்கைக்கீரையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, கொத்தனாரின் ரசமட்டத்தில் தெரிவதுபோல் ஒரு கோடு கண்ணுக்குள் ஆடுவதாகச் சொன்னார். குமிழி இருப்பது மேலேதான். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே இருப்பதாகத் தோன்றுகிறது. வாயு கரையக் கரைய அந்தக் கோடு நாள்தோறும் இறங்கியது. இதற்கிடையே கொடைக்கானலில் நடந்த உறவினர் திருமணத்துக்கு அவரை அழைத்துச் செல்ல மறுத்தேன். 2,000 மீட்டர் உயரத்தில் வாயு விரிந்து கண்ணழுத்தம் எகிறிவிடும் என்ற காரணத்தை இன்றுவரை அங்கே யாரும் நம்பவில்லை.

ஓட்டை மூடிக்கொண்டது. நிலைக்காலில் சிறு வளைவு மிச்சமிருக்கிறது. விட்ரியஸை எடுத்த கண்ணில் புரை விரைந்து வளரும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அதுவும் வந்துவிட்டது. இந்த முறை மல்லாந்து படுக்கலாம் என்று மருத்துவர் உறுதி கூறிய பிறகே அம்மா தேதி குறிக்கச் சம்மதித்தார்.