எஞ்சினுக்குப் பின்னால் வந்த வேலைகள்

சென்ற சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் மிச்சிகனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1951ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 பிக்கப், நெடுஞ்சாலையின் வலது தடத்தில் மணிக்கு 70 மைல் வேகத்தில் ஓடியது. மூன்று குளிர்காலங்களாக அவருடைய கொட்டகையில் நானும் கூடமாட வேலை செய்திருக்கிறேன் என்பதால், பக்கத்து இருக்கையில் அமர்ந்து அந்த ஓட்டத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் பண்ணைக்கும் ஊருக்கும் இடையே ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அந்த வண்டி, சுற்றிலும் விரைந்த இன்றைய வண்டிகளுக்கு நடுவே எந்தத் திணறலும் இல்லாமல் சென்றதைப் பார்த்தபோது, பழைய எஞ்சினை எடுத்துவிட்டு நவீன எஞ்சினைப் பொருத்திய எங்கள் உழைப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷெவர்லே புதிதாக வடிவமைத்து 1947 கோடையில் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது இந்த வண்டி. 1955 தொடக்கம் வரை அந்த வரிசை நீடித்தது. ஐந்து கிடைப்பட்டைகள் கொண்ட முன் கிரில், நடுவில் பிரிந்த இரண்டு துண்டு முன்கண்ணாடி, உருண்டு திரண்ட மட்கார்டுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். கதவில் திறந்து மூடும் சிறு முக்கோணக் கண்ணாடி 1951இல்தான் வந்தது. பெரியவரின் தந்தை இதைப் பண்ணை வேலைக்கு வைத்திருந்தார். அவருக்குப் பின் பல ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, கேபினின் கீழ் மூலைகளையும் படிகளையும் அரித்திருந்தது. துருவை வெட்டியெடுத்து, புதிய தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்துத் தேய்த்து, அக்கால ஷெவர்லே பிக்கப்களின் வழக்கமான நிறமான ஃபாரஸ்டர் கிரீனை மீண்டும் பூசுவதற்கே முதல் குளிர்காலம் முழுவதும் கழிந்தது.

எஞ்சினை ஏன் மாற்ற வேண்டும் என்று அவரிடம் நான் முதலிலேயே கேட்டேன். பழைய எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர் கொள்ளளவு கொண்ட, ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். திறன் 90 குதிரைத்திறன் அளவில் இருக்கும். குறைந்த வேகத்தில் சுமை இழுப்பதற்கு அது அருமையானது. பல்லாயிரம் பண்ணைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்தது. ஆனால் பிஸ்டன்களைக் கிராங்க் ஷாஃப்ட் என்னும் சுழல் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளுக்கு எண்ணெய், இன்றைய எஞ்சின்களைப் போலக் கிராங்க் ஷாஃப்ட்டின் உள்ளே துளைத்த வழியாக அழுத்தத்தோடு வருவதில்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் உள்ள சிறு அகப்பை, கீழே உள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை முகந்துகொள்கிறது; மிதமான வேகத்துக்கு அது போதும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் சுழற்றினால் பேரிங்குகளுக்கு ஆபத்து. அத்துடன் பின் ஆக்சிலின் பல் விகிதம் 4.11, அதாவது உச்ச கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 4.11 முறை சுழல வேண்டும். டயரின் விட்டம் 28 அங்குலம் என்று கொண்டு கணக்கிட்டால், 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,450 முறை சுழல வேண்டும். அந்த எஞ்சின் தன் முழுத் திறனைத் தரும் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். அக்காலத்துக் கிராமச் சாலைகளுக்கு அது பொருந்தியது. நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் மகள் வீட்டுக்கு இதிலேயே போய்வர விரும்பும் மனிதருக்குப் பொருந்தவில்லை.

மாற்று எஞ்சினாக அவர் தேர்ந்தெடுத்தது, விபத்தில் நொறுங்கிய 2002 சில்வராடோ என்னும் ஷெவர்லே பிக்கப் ஒன்றிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் வி-8, அதாவது எட்டு சிலிண்டர்கள் V வடிவில் இரு வரிசையாக நிற்கும் எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், சிலிண்டருக்கு ஒன்றாக, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில், 285 குதிரைத்திறன். இதைவிடப் பளபளப்பான, இன்னும் திறன் மிகுந்த எஞ்சின்கள் விலைக்குக் கிடைக்கும். எனினும் இது பிக்கப் வண்டிக்கென்றே செய்யப்பட்டது என்பதாலும், உதிரிப் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பதாலும் இதுவே சரி என்று அவர் நினைத்தார். நானும் அதை முழுமனத்தோடு ஏற்கிறேன்.

எஞ்சினை இறக்கிப் பொருத்த இரண்டு வாரம் ஆனது. அதைத் தொடர்ந்து வந்த வேலைகளுக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின. மூன்று மடங்கு திறனைக் கொடுத்துவிட்டு, நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கையே விட்டுவைப்பது பெருந்தவறு. அந்த பிரேக்குகள் அனைத்தும் ஒரே குழாய்த் தொடரில் இயங்கியவை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். ஆகவே முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும், முன்னும் பின்னும் தனித்தனியே இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் குழாய்களுக்கு அனுப்பும் பாகம்) வந்தன. முன் சக்கரங்கள் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்களும் அவற்றின் புஷ்களும் புதிதாயின. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடிய பழைய அமைப்பு புதிய கியர்பாக்ஸுக்கு ஒத்துவராது என்பதால், 3.73 விகிதமுள்ள வேறொரு பின் ஆக்சில் பழைய லீஃப் ஸ்பிரிங்குகளின் மேலேயே ஏறியது. உச்ச கியரில் கார்டன் ஷாஃப்ட்டைவிட எஞ்சின் மெதுவாகச் சுழல விடும் நான்கு வேக ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு சேர்ந்து, 70 மைல் வேகத்தில் எஞ்சின் இப்போது 2,200 சுழற்சியில் அமைதியாக ஓடுகிறது.

பெட்ரோலும் தனி வேலை வைத்தது. பழைய டேங்க், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருந்தது. புதிய டேங்க் பின்தளப் பலகைகளுக்கு அடியில், சேஸிஸ் என்னும் அடிச்சட்டகத்தின் இரு சட்டங்களுக்கு நடுவே இடம்பெற்றது. முன்பு சில பவுண்டு அழுத்தமே போதும். பெட்ரோலைப் பீய்ச்சும் இந்த எஞ்சினின் இன்ஜெக்டர்கள் சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு கேட்கின்றன. எனவே டேங்குக்குள் மின் பம்பும், புதிய குழாய்களும் தேவைப்பட்டன.

எங்களை மிகவும் வருத்தியது மின்சாரம். ஆறு வோல்ட்டில் இயங்கிய வண்டியின் கம்பிகள் அனைத்தையும் கழற்றிப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினோம். எஞ்சினின் கணினி, தான் பிறந்த வண்டியின் திருட்டுத் தடுப்பு அமைப்பிலிருந்து சமிக்ஞை வராமல் ஓட மறுக்கும் என்பதால், அதிலிருந்த திருட்டுத் தடுப்பை முன்பே நீக்கியிருந்தோம். அப்படியும் முதல் நாள் எஞ்சின் கிளம்புவதும், நடுங்கி நிற்பதுமாக இருந்தது. நான்கு மாலைகள் சென்சார்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். கடைசியில் பார்த்தால், நாங்கள் அக்கறையோடு பூசிய புதிய பெயிண்ட்டே காரணம்: எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் கேபினுக்கும் இடையே எங்கும் உலோகத்தோடு உலோகம் தொடவில்லை, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் சரியாகக் கிடைக்கவில்லை. மூன்று இடங்களில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் பின்னல் கம்பிகளைப் பூட்டிய அந்த நிமிடத்திலிருந்து எஞ்சின் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

இந்த வேலைகளில் பெரியவர் ஒரு நிபந்தனையை விடாமல் காத்தார். சேஸிஸில் எதையும் வெட்டக் கூடாது. புதிய தாங்கிகள் யாவும் போல்ட்டால் மட்டுமே பிணைய வேண்டும். தம் பேரப்பிள்ளைகளில் யாரேனும் வண்டியைப் பழைய நிலைக்கே கொண்டுபோக விரும்பினால், ஒரு வாரத்தில் அது முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. எஞ்சின் மாற்றிய பழைய பிக்கப்கள் பலவற்றைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் முன் சேஸிஸ் வெட்டப்பட்டிருக்கும், பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டால் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். அது எனக்கு ஒவ்வாத செயல். எழுபது ஆண்டு நிலைத்த ஒரு பொருளின் மேல் நமக்கு இருக்கும் உரிமை அவ்வளவு பெரிதல்ல.

கேபினுக்குள் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் மிகக் குறைவு. அளவுமானிகளின் முகப்பு பழையதே, உள்ளே இயங்குபவை மட்டும் புதியவை. தரையில் காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யும் பெடலையும் அவர் நீக்கவில்லை. முன்பு அது நேரடியாக ஸ்டார்ட்டரின் நெம்புகோலைத் தள்ளியது, இப்போது ஒரு சுவிட்சை அழுத்துகிறது. தந்தை மிதித்த இடத்திலேயே அவரும் மிதிக்கிறார்.

பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் கொட்டகையின் மூலையில், இரும்புத் தாங்கியின் மேல், துணி போர்த்தி நிற்கிறது. பழைய ஆக்சிலும் பிரேக் டிரம்களும் அதனருகே சீட்டு கட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் இறுகிவிடாதிருக்க, மாதம் ஒருமுறை ஸ்பார்க் பிளக் துளைகளில் சிறிது எண்ணெய் விட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிவைக்க வேண்டும். சனிக்கிழமை வண்டியைக் கொட்டகையில் நிறுத்திய பின், அந்த மாதத்துச் சுற்றை என்னைச் சுற்றச் சொன்னார்.